எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அந்த அரை மணி நேரம்: இயந்திரம் என்ன செய்கிறது, நோயாளி ஏன் அசையக் கூடாது

இடுப்பு வலி காலுக்கு இறங்கிவிட்டது, தலைவலி மாதக்கணக்கில் விடவில்லை, திடீரென்று வலிப்பு வந்தது என்று தோட்டத்து மருந்தகத்தில் தொடங்கும் அலைச்சல், மலையகத்தில் பலருக்குக் கண்டியிலோ கொழும்பிலோ உள்ள எம்.ஆர்.ஐ. அறை வாசலில் போய் நிற்கிறது. எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தையும் வானொலி அலையையும் கொண்டு உடலின் உட்புறத்தைப் படம் எடுக்கும் முறை. ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வருகிறவர்களின் கையில் திகதி எழுதிய துண்டு இருக்கும். உள்ளே என்ன நடக்கப்போகிறது என்பது மட்டும் தெரியாது. கரண்ட் பாய்ச்சுவார்கள், கதிர் பட்டு உடம்பு கெட்டுவிடும், குழாயை இரண்டு பக்கமும் மூடிவிடுவார்கள் என்று லயத்தில் பேச்சு அடிபடும். நாற்காலியும் சிலிண்டரும் பறந்துபோய் இயந்திரத்தில் ஒட்டும் காணொளிகள் கைத்தொலைபேசியில் சுற்றுகின்றன. பயந்துபோய், கிடைத்த திகதியையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

இந்தப் பேச்சுகளில் சில முழுப் பொய், சில உண்மை. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் பயன்படும் அயனாக்கும் கதிர் எம்.ஆர்.ஐ.யில் துளியும் இல்லை. குழாய் இரண்டு முனையிலும் திறந்தே இருக்கும். ஆனால் சிலிண்டர் பறப்பது உண்மை. 2018 ஜனவரியில் மும்பையில், உறவினர் ஒருவரின் ஸ்கேனுக்குத் துணையாகப் போனவர் ஒட்சிசன் சிலிண்டரோடு அறைக்குள் நுழைந்து உயிரிழந்தார். எது ஆபத்து, எது வெறும் பயம் என்று பிரித்தறிய, இயந்திரத்துக்குள் வேலை செய்யும் மூன்று புலங்களை, அதாவது காந்தமோ அலையோ செயல்படும் வெளிகளை, தனித்தனியாகப் புரிந்துகொண்டால் போதும். ஸ்கேனை இயக்கும் ரேடியோகிராபர் சொல்லும் ஒவ்வொரு கட்டளைக்கும் காரணம் அந்த மூன்றில் ஒன்றில் இருக்கிறது.

ஒரே குழாய், மூன்று புலங்கள்

1. பெருங்காந்தம். வைத்தியசாலைகளில் பரவலாக உள்ள இயந்திரங்களின் காந்த வலிமை 1.5 டெஸ்லா; சில 3 டெஸ்லா. இலங்கையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆகவே 1.5 டெஸ்லா என்பது அதைவிட 35,000 மடங்குக்கும் மேல். இது இரும்புக் கட்டியால் ஆன காந்தம் இல்லை. நயோபியம்–டைட்டேனியம் கலந்த உலோகக் கம்பிச் சுருள், மறை 269 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவ ஹீலியத்தால் குளிரூட்டப்பட்டிருக்கிறது. அந்தக் குளிரில் கம்பியின் மின்தடை பூச்சியமாகிவிடும். ஒருமுறை ஏற்றிய பல நூறு ஆம்பியர் மின்னோட்டம், வெளியிலிருந்து மின்சாரம் இல்லாமலே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் இந்தக் காந்தம் இரவிலும், போயா விடுமுறையிலும், மின்வெட்டிலும் இயங்கிக்கொண்டே இருக்கிறது.

2. சரிவுச் சுருள்கள். குழாயின் சுவருக்குள் மூன்று சுருள்கள் உண்டு: தலை–கால் திசைக்கு ஒன்று, இடது–வலது திசைக்கு ஒன்று, மார்பு–முதுகு திசைக்கு ஒன்று. இவை பெருங்காந்தத்தின் வலிமையை ஒரு பக்கம் சற்றுக் கூட்டி, மறுபக்கம் சற்றுக் குறைக்கும். அதிகபட்சச் சரிவு பல இயந்திரங்களில் மீற்றருக்கு 30 முதல் 45 மில்லிடெஸ்லா. ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவான நேரத்தில் ஏறி இறங்கும். ஸ்கேன் ஓடும்போது மட்டுமே இவை வேலை செய்யும்.

3. வானொலி அலை. குழாயைச் சுற்றியுள்ள பெரிய சுருள் உடலுக்குள் வானொலி அலையை அனுப்பும். உடல் திருப்பித் தரும் மெல்லிய சைகையை (சிக்னலை), தலையில் மாட்டும் கூடு, வயிற்றின்மேல் போர்த்தும் பட்டை, மேசைக்குள் புதைந்திருக்கும் முதுகுச் சுருள் போன்றவை வாங்கும். உடலுக்குப் பக்கத்தில் இருக்க இருக்க சைகை நன்றாகக் கேட்கும். முகத்துக்கு மேல் கூடு போன்ற ஒன்றை வைப்பது இதற்காகத்தான்.

உடலில் அளக்கப்படுவது என்ன

உடல் எடையில் பாதிக்கு மேல் நீர். நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. ஹைட்ரஜன் கரு என்பது ஒரே ஒரு புரோட்டன். அது நுண்ணிய காந்தமாக நடந்துகொள்ளும். வெளியே இருக்கும்போது இவை எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பதால் மொத்த விளைவு எதுவும் இல்லை. பெருங்காந்தத்துக்குள் போனதும் புலத்தின் பக்கம் மிகச் சிறிய சாய்வு உண்டாகும். 1.5 டெஸ்லாவில் அந்தக் கூடுதல், பத்து லட்சம் புரோட்டன்களுக்கு ஐந்து மட்டும். இவ்வளவு சொற்பத்தை வைத்து எப்படிப் படம் எடுக்கிறார்கள் என்றால், ஒரு மில்லிலீற்றர் நீரில் ஏறத்தாழ 67 கோடி கோடி கோடி புரோட்டன்கள் உள்ளன. அதில் சொற்பமும் பெருந்தொகைதான்.

சாய்ந்த பம்பரம் தன் அச்சைச் சுற்றிக்கொண்டே தலையை வட்டமாக ஆட்டுவது போல, புரோட்டனின் காந்த அச்சும் புலத்தின் திசையைச் சுற்றி வட்டமிடும். வட்டமிடும் வேகம் புலத்தின் வலிமையைப் பொறுத்தது: ஒரு டெஸ்லாவுக்குச் செக்கனுக்கு 4 கோடியே 25 லட்சத்து 80 ஆயிரம் முறை. எனவே 1.5 டெஸ்லாவில் 63.87 மெகாஹெர்ட்ஸ் (ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பது செக்கனுக்குப் பத்து லட்சம் முறை), 3 டெஸ்லாவில் ஏறத்தாழ 127.7 மெகாஹெர்ட்ஸ். வீட்டு வானொலியின் எஃப்.எம். அலைவரிசை 88இல் தொடங்குகிறது, 1.5 டெஸ்லா இயந்திரம் வேலை செய்வது அதற்குச் சற்றுக் கீழே. சுவர், கூரை, தரை, கதவு எல்லாவற்றிலும் செப்புத் தகடு பொருத்தி அறையை மூடியிருப்பது வெளி வானொலி அலைகள் உள்ளே புகாமல் தடுக்கவே. ஸ்கேன் ஓடும்போது கதவு சரியாகப் பூட்டாமல் இருந்தால் படத்தின் குறுக்கே புள்ளி புள்ளியாகக் கோடு விழும்.

அதே 63.87 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையைச் சில மில்லிசெக்கன்களுக்கு உடலுக்குள் அனுப்பினால், புரோட்டன்களின் மொத்தக் காந்தம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அலையை நிறுத்தியதும் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் தொடங்கும்.

முதலாவது, சாய்ந்த காந்தம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு எழுந்து வருவது. இதன் கால அளவுக்கு டி1 என்று பெயர். கொழுப்பு கால் செக்கனில் பெரும்பாலும் எழுந்துவிடும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீருக்குப் பல செக்கன்கள் வேண்டும். இரண்டாவது, ஒரே தாளத்தில் வட்டமிட்ட புரோட்டன்கள் ஒன்றுக்கொன்று தாளம் தப்பி, சைகை அடங்கிப்போவது. இதன் அளவு டி2. மூளைத் திசுவில் இது 100 மில்லிசெக்கனை ஒட்டியது. தெளிந்த நீரில் மிக நீளம்.

ஒவ்வொரு திசுவுக்கும் இந்த இரண்டு அளவுகளும் வேறு வேறு. அடுத்தடுத்த அலைகளுக்கு இடையே எவ்வளவு நேரம் விடுவது, அலை போன பிறகு எத்தனை மில்லிசெக்கன் கழித்துச் சைகையைக் கேட்பது என்ற இரண்டையும் மாற்றி மாற்றி, எந்த வேறுபாடு படத்தில் தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அரைச் செக்கன் இடைவெளி விட்டுப் 10–15 மில்லிசெக்கனில் கேட்டால் டி1 படம்: கொழுப்பு வெள்ளை, நீர் கறுப்பு. நான்கு செக்கன் விட்டு 100 மில்லிசெக்கன் கழித்துக் கேட்டால் டி2 படம்: நீர் பளிச்சென்று வெள்ளை. வீக்கம், கட்டி, தொற்று போன்றவற்றில் நீர் கூடுவதால் டி2 படத்தில் அவை கண்ணில் படும். நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அளக்கும் டிஃப்யூஷன் என்ற முறையும் உண்டு. பக்கவாதம் வந்தால், சி.டி.யில் பல மணி நேரம் தெரியாத பாதிப்பை இது சீக்கிரமே காட்டிவிடும்.

இடுப்பு ஸ்கேன் ஒன்று: தொடக்கம் முதல் முடிவு வரை

மலையில் கூடையைத் தலையில் மாட்டி, சரிவில் குனிந்து நிமிர்ந்து கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் உர மூட்டை தூக்கும் ஆண்களுக்கும் அதிகம் எழுதப்படுவது இடுப்புப் பகுதி ஸ்கேன்தான். 58 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது நடக்கும் வரிசை இது.

1. எடை பார்க்கப்படும், கேள்விப் படிவம் நிரப்பப்படும், வைத்தியசாலை உடை மாற்றப்படும்.

2. மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பார்கள். அது வசதிக்கு மட்டும் வைப்பது இல்லை. முழங்கால் மடிந்தால் இடுப்பு வளைவு தட்டையாகி, வலி குறைந்து, அசையாமல் இருக்க முடியும். காதில் பஞ்சடைப்பான், அதன்மேல் காதுமூடி, கையில் ரப்பர்ப் பந்து. அதை அமுக்கினால் வெளியே மணி அடிக்கும்.

3. லேசர் வெளிச்சத்தால் இடுப்பின் நடுவைக் குறித்து, அந்த இடம் காந்தத்தின் சரிநடுவில் வரும்படி மேசையை உள்ளே செலுத்துவார்கள். புலம் மிகச் சீராக இருப்பது அங்கேதான். குழாயின் விட்டம் பழைய இயந்திரங்களில் 60 சென்ரிமீற்றர், புதியவற்றில் 70. இடுப்பு ஸ்கேனில் தலை பெரும்பாலும் வாசல் பக்கம் இருக்கும். கண்ணை முதலிலேயே மூடிக்கொண்டால் மூச்சடைக்கும் உணர்வு குறையும்.

4. மெல்லிய தட்டல் சத்தம் கேட்கும். படம் இன்னும் தொடங்கவில்லை. ஒவ்வொரு உடலும் புலத்தைச் சற்று மாற்றிவிடுவதால், அந்த உடலுக்குச் சரியான அலைவெண்ணையும் அலையின் பலத்தையும் இயந்திரம் தேடுகிறது.

5. முன்னோட்டப் படங்கள், அரை நிமிடத்துக்குள். இவற்றின்மேல்தான் ரேடியோகிராபர் அடுத்த படங்களுக்குக் கோடு போடுவார்.

6. பக்கவாட்டில் வெட்டிய டி2 படங்கள், 4 மில்லிமீற்றர் தடிப்பில். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டில் நீர் இருந்தால் அது வெண்மையாகத் தெரியும். உலர்ந்துபோன வட்டு கறுத்துத் தெரியும். பின்பக்கம் பிதுங்கியிருந்தால், வெள்ளை நீர்ப்பாதைக்குள் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

7. அதே வெட்டில் டி1 படங்கள். எலும்பு மச்சை மாறியிருக்கிறதா என்று பார்க்க.

8. வட்டுகளுக்கு நேராகக் குறுக்கே வெட்டிய படங்கள். எந்த நரம்பு, எந்தப் பக்கம் நசுங்குகிறது என்பதைச் சொல்வது இவைதான். முறிவோ காசமோ சந்தேகம் என்றால், கொழுப்பின் சைகையை அடக்கி எடுக்கும் படம் ஒன்றும் சேரும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு முதல் ஐந்து நிமிடம். நடுவே சத்தம் நின்று அமைதியாகும் இடைவெளிகள் வரும். முடிந்துவிட்டது என்று நினைத்து முதுகைச் சொறிவதும் காலை நீட்டுவதும் பெரும்பாலும் அப்போதுதான். அதுதான் மிகப் பெரிய இடைஞ்சல். அடுத்த படத்துக்கான கோடுகள் முந்தைய படத்தின்மேல் போடப்படுகின்றன. அமைதியான நேரத்தில் இடுப்பு ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்துவிட்டால், வட்டுக்குப் போட்ட வெட்டு எலும்பில் போய் விழும்.

அசைந்தால் படம் முழுவதும் கெடுவது ஏன்

கமராவில் ஒருவர் கையை ஆட்டினால் கை மட்டும் மங்கும். எம்.ஆர்.ஐ.யில் அப்படி இல்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள, சைகை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று இயந்திரம் கண்டுபிடிக்கும் வழியைப் பார்க்க வேண்டும்.

சரிவுச் சுருள் ஒன்று மீற்றருக்கு 10 மில்லிடெஸ்லா என்ற அளவில் இயங்குகிறது என்று வைப்போம். அப்போது உடலில் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் புரோட்டனின் அலைவெண் 426 ஹெர்ட்ஸ் மாறும். 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெட்டு என்றால் 1,700 ஹெர்ட்ஸ் அகலமுள்ள அலை போதும். அந்த அலைக்கு அந்த வெட்டில் உள்ள புரோட்டன்கள் மட்டும் சாயும். மற்றவை கவனிக்காமல் இருக்கும். வெட்டைத் தேர்ந்தெடுப்பது இப்படி.

வெட்டுக்குள் இடம் காண இன்னும் இரண்டு திசை வேண்டும். ஒரு திசையில், சைகையைக் கேட்கும் நேரத்தில் சரிவைப் போட்டு, அலைவெண்ணை வைத்துப் பிரிக்கிறார்கள். அடுத்த திசையில், கேட்பதற்கு முன் சரிவை ஒரு கணம் போட்டு எடுத்து, புரோட்டன்களின் தாளத்தை இடத்துக்கு இடம் சற்றுத் தள்ளிவைக்கிறார்கள். இந்த இரண்டாவது வேலையை ஒரே தடவையில் முடிக்க முடியாது. தள்ளும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, 256 தடவை திரும்பச் செய்தால்தான் 256 வரிசை கொண்ட படம் கிடைக்கும். 1973இல் பால் லோட்டர்பர் சரிவைப் பயன்படுத்திப் படம் எடுக்கலாம் என்று காட்டினார். அவருக்கும், கணித வழியை வளர்த்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு தடவையும் கேட்கப்படும் சைகை வெட்டு முழுவதிலிருந்தும் வருகிறது என்பது. 256 அளவீடுகளும் சேர்ந்த பிறகே கணினி அவற்றைப் பிரித்து, எந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சம் என்று கணக்கிடும். எந்தப் புள்ளியும் தனி அளவீட்டுக்குச் சொந்தம் இல்லை; எல்லா அளவீடுகளும் எல்லாப் புள்ளிகளிலும் கலந்திருக்கின்றன. இருநூறாவது அளவீட்டின்போது இருமினால், அந்தத் தவறு படம் முழுக்கப் பரவி, உடலின் விளிம்பு மங்கலாக மீண்டும் மீண்டும் பதியும். நடுவில் எடுக்கப்படும் அளவீடுகள் படத்தின் பொதுவான வெளிச்ச வேறுபாட்டைத் தாங்குகின்றன. அந்த நேரத்து அசைவு படத்தையே பயனற்றதாக்கிவிடும்.

நேரக் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. அரைச் செக்கன் இடைவெளி, 256 தடவை, சைகையைப் பலப்படுத்த இரண்டு சுற்று என்றால் 256 செக்கன், அதாவது 4 நிமிடம் 16 செக்கன். நான்கு செக்கன் இடைவெளியுள்ள டி2 படத்தை இதே வழியில் ஒரு சுற்று எடுத்தாலும் 17 நிமிடம் ஆகும். அதனால் ஒரே அலைக்குப் பிறகு பதினாறு எதிரொலிகளைக் கேட்கும் முறையைக் கையாண்டு, அதை 64 செக்கனாகக் குறைக்கிறார்கள்.

நடைமுறையில் சில விஷயங்கள்: படுக்குமுன் கழிவறைக்குப் போய்விட வேண்டும். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட வேண்டும். கழுத்து ஸ்கேனில் எச்சில் விழுங்குவதே படத்தைக் குழப்பும். மலைக்குளிரில் இருமல் பிடித்திருந்தால் முன்கூட்டியே சொன்னால், இருமுவதற்கு இடைவெளி தருவார்கள்.

அந்தச் சத்தம்

சரிவுச் சுருளில் பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. சுருள் இருப்பதோ 1.5 டெஸ்லா காந்தத்துக்குள். மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் கம்பி உந்தப்பட்டு, சுருளின் உடலே அதிரும். இடிப்பது போலவும் துளையிடுவது போலவும் கேட்பது அந்த அதிர்வு. 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது, துணைக்கு நிற்கும் தாயும்தான். சரிவு வேகமாக மாறும்போது முதுகிலோ தோளிலோ தசை லேசாகத் துடிப்பது சிலருக்குத் தெரியும். நரம்பு தூண்டப்படுவதால் வருவது அது, தீங்கில்லை. லயத்தில் ‘கரண்ட் பாய்ச்சுகிறார்கள்’ என்று பேசப்படுவதற்கு அடிப்படை ஏதும் இருந்தால், இதுவாகத்தான் இருக்கும். வலித்தால் பந்தை அமுக்கலாம்.

சூடு: எடையைச் சரியாகச் சொல்ல வேண்டியது ஏன்

வானொலி அலை உடலில் கொஞ்சம் வெப்பமாக மாறும். சாதாரண இயக்கத்தில் முழு உடலுக்கும் அனுமதிக்கப்படும் அளவு கிலோவுக்கு 2 வாட். 58 கிலோ உடலுக்கு 116 வாட். கணினி இந்தக் கணக்கைப் போடுவது, படிவத்தில் எழுதிய எடையை வைத்து. 45 கிலோ உள்ளவர் உத்தேசமாக 70 என்று சொல்லிவிட்டால், 140 வாட் வரை அனுமதி கிடைத்து, கிலோவுக்கு 3 வாட்டுக்கும் மேல் போய்விடும். எடை தெரியாவிட்டால் தராசில் ஏறி நின்று பார்ப்பதே சரி.

உடம்பு வியர்த்தும் தோல் வழியாகவும் இந்த வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அறை குளிர்கிறது என்று ஸ்வெட்டருக்கு மேல் இரண்டு போர்வை கேட்பது நல்லதில்லை. காய்ச்சல் இருந்தால் சொல்ல வேண்டும்.

கடுமையான தீக்காயங்களுக்குக் காரணம் வேறு. மின்சாரம் சுற்றி வரக்கூடிய வளையம் உண்டாகும் இடத்தில்தான் அவை ஏற்படுகின்றன. இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டால் தோளிலிருந்து விரல் வரை ஒரு வளையம். தொடைகளின் தோல் ஒன்றையொன்று தொட்டால் மற்றொன்று. தொடும் புள்ளி சிறியதாக இருப்பதால் சூடு அங்கே குவியும். கைகளைப் பக்கவாட்டில் தனித்தனியாக வைத்து, கால்களுக்கு நடுவே துணி வைப்பது இதற்காக. மருந்துப் பட்டிகள் சிலவற்றின் பின்புறம் மெல்லிய உலோகத் தகடு உண்டு. ஒட்டியிருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பச்சை குத்திய இடம் சில வேளை சுடலாம். எங்காவது சூடு தெரிந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்கக் கூடாது.

இரும்பு: வாசலிலேயே நிறுத்த வேண்டியவை

காந்தம் இழுக்கும் விசை தூரத்தில் ஏறக்குறைய இல்லை. குழாய் வாயை நெருங்க நெருங்கப் புலத்தின் வலிமையும் அது மாறும் வேகமும் சேர்ந்து கூடுவதால், இழுவிசை திடீரென்று எகிறும். ஓர் எட்டு முன்பு கையில் சும்மா இருந்த பொருள், அடுத்த எட்டில் கைக்கு அடங்காது. இரும்புச் சிலிண்டர், சாதாரண சக்கர நாற்காலி, கத்தரிக்கோல், சாவிக்கொத்து எல்லாம் இதில் அடக்கம்.

தாலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் மஞ்சள் ஏறிக் கறுத்த கயிற்றைத் திருப்பிப் பார்த்தால், தாலிக்குப் பின்னால் இரண்டு மூன்று ஊக்குகள் கோத்திருக்கும், அவசரத்துக்கு உதவும் என்று. அந்த ஊக்கு இரும்பு. குழாய்க்குள் போனதும் அது நிமிர்ந்து நிற்கும், கயிற்றைக் கழுத்தோடு சேர்த்து இழுக்கும். தங்கக் கொடியும்கூட மூடிய உலோக வளையம் என்பதால் சூடாகலாம், அருகிலுள்ள படத்தையும் கெடுக்கும். வெறுங்கழுத்தாக இருக்க மனம் ஒப்பாதவர்கள், மஞ்சள் துண்டு கட்டிய நூலை அணிந்துகொண்டு தாலியைக் கூட வந்தவரிடம் கொடுத்துவைக்கலாம். இதைக் கழற்றச் சொல்வதை அவமதிப்பாகப் பார்க்க வேண்டியதில்லை. அதே நேரம் காரணத்தைச் சொல்லிக் கழற்றச் சொல்வது ஊழியர்களின் கடமை.

தாயத்துக் கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கட்டிக்கொண்டவருக்கே தெரியாது, ஆகவே அதுவும் வெளியே. கொண்டை ஊசி, அரைஞாணில் தொங்கும் உலோகம், கழற்றும் பல்செட், காது கேட்கும் கருவி எல்லாம் அப்படியே. வீங்கிய விரலில் இறுகிப்போன வெள்ளி மெட்டி இருந்தால் ரேடியோகிராபரிடம் காட்ட வேண்டும்.

உடலுக்குள் இருப்பவை:

- இதய முடுக்கி, காதுக்குள் பொருத்திய கருவி, மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப்: மாதிரி எண் தெரியாமல் உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. சத்திரசிகிச்சை அட்டையைக் கொண்டு வர வேண்டும்.
- கண்ணில் இரும்புத் துகள்: தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் வெல்டிங், கிரைண்டர் வேலை செய்தவர்கள் அவசியம் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன் பட்டு, வலியே இல்லாமல் தங்கிவிட்ட துகள் காந்தத்தில் திரும்பி விழித்திரையைக் கிழிக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே.
- துவக்குச் சன்னம்: பன்றிக்குக் கட்டிய கட்டுத் துவக்கில் காயப்பட்டவர்கள். ஈயம் நகராது, இரும்பு நகரும். எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.
- முறிந்த எலும்பில் போட்ட தகடு, ஆணி: பெரும்பாலும் தடையில்லை. அந்த இடத்தைச் சுற்றிப் படம் கறுத்துவிடும்.
- கருத்தடை லூப்: செம்பு, இழுக்கப்படாது. கருத்தடைக்குக் கையில் வைக்கும் ஜடெல் குச்சிகளில் உலோகமே இல்லை. இருந்தாலும் இரண்டையும் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயத்தையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்விகள்தான் முழு ஸ்கேனிலும் உயிர் காக்கும் பகுதி. அவை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்கப்பட்டு, புரியாமல் தலையாட்டுகிற நோயாளியின் பதில் ‘இல்லை’ என்று பதிவாவதைவிட அபாயமான ஒன்று அந்த அறையில் கிடையாது. தமிழ் அரச கரும மொழி. தமிழில் கேட்கச் சொல்வது உரிமை, யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துவந்து, படிவத்தில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு விளங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். அவசரப்படுத்தினாலும் அப்படித்தான்.

ஊசி மருந்து

சிலருக்கு நடுவில் கையில் கடோலினியம் கலந்த மருந்து ஏற்றுவார்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிலீற்றர், 58 கிலோவுக்கு 12 மில்லிலீற்றரை ஒட்டி வரும். அது போய்ச் சேரும் திசுவில் டி1 நேரம் குறைந்து, டி1 படத்தில் வெளுத்துத் தெரியும். சி.டி.க்குப் போடும் அயடின் மருந்து வேறு, இது வேறு. சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரக நோயாளிகள் கடைசி இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு வர வேண்டும்.

காந்தத்தை ஏன் சட்டென்று அணைக்க முடியாது

சுவரில் இருக்கும் அவசரப் பொத்தானை அமுக்கினால் கம்பி சூடேறி, மின்தடை திரும்பி, சேமித்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகி ஹீலியத்தைக் கொதிக்கவைக்கும். திரவ ஹீலியம் வாயுவானால் ஏறத்தாழ 750 மடங்கு விரியும். பழைய இயந்திரங்களில் 1,500 லீற்றருக்கு மேல் இருக்கும். அந்த வாயு கூரைக்கு மேல் போகும் குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாய் அடைபட்டிருந்தால் அறையில் நிறைந்து ஒட்சிசனைத் தள்ளிவிடும். அமுக்கம் கூடி, உட்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாமல் போகலாம். காந்தம் அடங்க ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரமும் பிடிக்கும். ஒருவர் காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே நசுங்கியிருந்தால் தவிர இதைத் தொட மாட்டார்கள். அதன்பின் ஹீலியம் வருவித்து, நிரப்பி, மறுபடி மின்னேற்ற நாட்கள் முதல் வாரங்கள் வரை ஆகும்.

மின்வெட்டு வேறு கதை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோதும், இப்போது சித்திரை, ஐப்பசி இடிமழையில் மின்சாரம் போய் வரும்போதும், காந்தம் தன்பாட்டில் இயங்கும். நின்றுபோவது சரிவுச் சுருள், கணினி, குளிர்விப்பான். ஓடிக்கொண்டிருந்த தொகுதி வீணாகும். முடிந்த தொகுதிகள் பத்திரமாக இருக்கும். நோயாளி இருக்கும் மேசையைக் கையால் வெளியே இழுத்துவிடலாம். குளிர்விப்பான் நீண்ட நேரம் நின்றால் ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகத் தொடங்கும். ஏழு லீற்றர் அளவு ஹீலியத்தை மட்டும் அடைத்துவைத்த புதிய காந்தங்களும் வந்துவிட்டன. அவற்றில் வாயு வெளியேறும் பிரச்சினை இல்லை, ஆனால் குளிர்விப்பு நின்றால் தாங்கும் நேரம் குறைவு.

‘எம்.ஆர்.ஐ. பழுது’ என்று கேள்விப்பட்டால் எது பழுது என்று கேட்பது பயன் தரும். நீர்க் குளிர்விப்பான் நின்றிருந்தால் அல்லது வாங்கும் சுருள் ஒன்று கெட்டிருந்தால் வேலை சில நாளில் திரும்பலாம். முதுகுச் சுருள் கெட்டாலும் தலை ஸ்கேன் நடக்கும். சரிவுச் சுருளுக்கு மின்னோட்டம் தரும் பெருக்கி எரிந்திருந்தால் உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஹீலியம் போயிருந்தால் இன்னும் நீளும். எதுவாக இருந்தாலும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஸ்கேன் பிரிவுக்கு அழைத்து, இயந்திரம் ஓடுகிறதா, திகதி மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் இருந்தால் அவற்றையும் பையில் எடுத்து வைக்க வேண்டும்.